காத்திருக்க வைத்த வாக்கியம்

அன்புள்ள ஐயா,

மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் உரை கேட்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் அவருடைய பர்மிங்ஹாம் சிறைக் கடிதத்தில் வாக்கியங்கள் நீண்டு மூச்சு முட்டுகிறது. அதே காலத்துக் கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸின் பேச்சு நேராக மனதில் இறங்கிவிடுகிறது. கிங் பேச்சாளர் மட்டும்தானா?

செ.

அன்புள்ள செ.,

அந்த மூச்சுமுட்டல்தான் விஷயமே. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் எட்டு வெள்ளை மதகுருமார்கள், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நிறுத்திப் பொறுமை காக்கும்படி அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்த கிங் செய்தித்தாளின் ஓரங்களில் பதில் எழுதத் தொடங்கினார். அதில் ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் முந்நூறு சொற்களைத் தாண்டும். தாய் தந்தையரைக் கும்பல் அடித்துக் கொல்வதைப் பார்த்திருக்கும்போது, டிவியில் விளம்பரம் வரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் தான் ஏன் போகக்கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகளின் கண்ணில் நீர் திரளும்போது... இப்படிப் ‘போது’ மேல் ‘போது’. நாங்கள் காத்திருக்க ஏன் சிரமப்படுகிறோம் என்பது அப்போது புரியும் என்று கடைசியில்தான் முடிக்கிறார். ‘பொறு’ என்றவர்களை முற்றுப்புள்ளிக்காகப் பொறுக்க வைக்கிறார்!

நான்கு மாதம் கழித்து வாஷிங்டனில் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்று திரும்பத் திரும்ப வந்ததும் இதே பிரசங்க மேடை அடுக்குதான். அங்கே ஒவ்வொரு கனவுக்கும் வாக்கியம் முடியும், கூட்டம் மூச்சுவிடும். கடிதத்தில் அந்த இடத்தைத் தரவில்லை. (தமிழில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு. வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது நமக்குப் பழகிப்போனது.)

மால்கம் சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிச் சொல் சேர்த்தவர். மேடையிலோ சின்னச் சொற்களையே எடுத்தார். அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேறிகள் வந்திறங்கிய இடமாகக் கொண்டாடப்படுவது பிளைமவுத் பாறை. கறுப்பர்களாகிய நாம் அந்தப் பாறைமேல் இறங்கவில்லை, பாறைதான் நம்மேல் இறங்கியது என்றார். அவ்வளவுதான். விளக்கவில்லை, எதிரில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமரையும் அவசியம் கேளுங்கள். 1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி, ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் சாட்சியம். பெயர், முகவரி என்று தொடங்குகிறார். வாக்காளராகப் பதியப் போனதற்காக, 18 ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டதையும் சிறையில் அடிபட்டதையும் நடந்தது நடந்தபடி சொல்கிறார். நேரலையை அவரிடமிருந்து திருப்ப, அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். அன்றிரவே தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தைத் திரும்ப ஒளிபரப்பின.