சீனக் குச்சி எண்கள் கணினியில்: கேள்வி பதில்

பழைய சீனாவில் பலகையில் குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போட்டார்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகத் தரம் யூனிகோட். அந்த வடிவங்கள் 2006-இல் வந்த யூனிகோட் 5.0-இல் இடம்பெற்றன. அவற்றைப் பயன்படுத்துவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

எப்படி உள்ளிடுவது?

யூனிகோட் எண் 119648 முதல் 119656 வரை படுத்த குச்சிகள், 1 முதல் 9. அடுத்து 119665 வரை நிற்கும் குச்சிகள், அதே வரிசையில். வலைப்பக்கத்தில் 𝍠 என்று எழுதினால் 𝍠 வரும். கீபோர்டில் தேட வேண்டாம். பதினெட்டையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு காப்பி எடுங்கள்.

1247 எழுதினேன். யூனிகோடில் ஒன்றாம் இட இலக்கம் என்று பெயர் உள்ளதையே ஒன்றாம் இடத்தில் போட்டும், சரித்திரம் படித்த நண்பர் தப்பு என்கிறார்.

எல்லோரும் விழும் குழி இது. பழைய சீனக் கணித அறிஞர் சுன்சியின் நூல் சொல்லும் விதி: ஒன்று நிற்கும், பத்து படுக்கும், நூறு நிற்கும், ஆயிரம் படுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கத்தான் இந்த மாற்றி மாற்றி வைப்பு. யூனிகோடோ சோங் அரச மரபின் காலத்து வழக்கம் என்று சொல்லி, படுத்ததை ஒன்றாம் இடத்துக்கும் நிற்பதைப் பத்தாம் இடத்துக்கும் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஹான் அரச மரபின் காலத்து முறை இதற்கு நேர் எதிர். பெயரை மறந்துவிடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். சுன்சி விதிப்படி 1247 இதுதான்: 𝍠𝍪𝍣𝍯. கடைசியில் உள்ள 7-ஐக் கவனியுங்கள்: மேலே குறுக்கே கிடப்பது 5, கீழே நிற்பவை இரண்டு.

பூஜ்யம் எங்கே?

அந்தத் தொகுதியில் இல்லை. பலகையில் வெற்றிடம்தான் பூஜ்யம். கி.பி. 1247-ஆம் ஆண்டில் சீனக் கணித அறிஞர் சின் ஜியூஷாவ் எழுதிய நூலில் பூஜ்யத்துக்கு வட்டம் வருகிறது. 12295-ஆம் குறியான 〇-ஐப் போடுங்கள். ஆங்கில ஓ எழுத்தைப் போடாதீர்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது.

கழித்தல் எண்?

பழைய சீனக் கணித அறிஞர் லியு ஹுய் சொன்னபடி கூட்டல் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, கழித்தலுக்குக் கறுப்பு. நட்டத்தைச் சிவப்பில் எழுதும் இன்றைய கணக்குப்பிள்ளைக்குத் தலை சுற்றும். நிறம் வேண்டாமென்றால், இலக்கத்துக்கு அடுத்து 8421-ஆம் குறியைச் சேருங்கள், மேலே சாய்கோடு விழும். எல்லா எழுத்துருவிலும் அழகாக அமையாது.

வெறும் கட்டம்தான் தெரிகிறது.

எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை. நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ் 2 அல்லது சிம்போலா என்ற எழுத்துருவைப் போடுங்கள். பொதுமக்கள் பார்க்கும் பக்கமென்றால் எழுத்துருவையும் கூடவே அனுப்புங்கள்.

டேட்டாபேஸில் சேமித்தால் வரி பாதியில் அறுந்துவிடுகிறது.

ஒவ்வொரு குறிக்கும் 4 பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்8 மூன்றுக்கு மேல் தாங்காது. யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள்.

பைத்தான் நிரல்மொழியில் இவற்றை முழு எண்ணாக மாற்ற முடியவில்லையே?

முடியாது. இவற்றுக்கு எண் மதிப்பு உண்டு, ஆனால் தசம இலக்கம் என்ற தகுதி இல்லை. யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நியூமெரிக் செயற்கூறு ஒவ்வொன்றின் மதிப்பையும் தரும். இடமதிப்பை நீங்களே பெருக்கிக் கூட்ட வேண்டும்.

〡〢〣 இவையும் அதே குறிகள்தானே?

இல்லை. இவை வணிகர்களின் சூச்சோ எண்கள். குச்சி எண்களிலிருந்து பிறந்தவைதான், ஆனால் தனிக் குறிகள்: 12321 முதல் 12329 வரை. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் கலக்காதீர்கள்.