முள்கம்பியும் குதிரையும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கே: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மார்வாரிக் குதிரைக்குட்டி ஒன்று வாங்கினேன். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி இருக்கிறது. போதும்தானே? - கோபிசெட்டிபாளையம்

ப: போதாது என்பது மட்டுமில்லை, ஆபத்து. குதிரை மிரண்டால் முதலில் ஓடும், அப்புறம்தான் பார்க்கும். மெல்லிய கம்பி அதன் கண்ணில் சரியாகப் படாது. காலில் சிக்கியதும் இழுக்கும். தசை எலும்புவரை கிழியும். ரணஜன்னி (டெட்டனஸ்) சுலபமாகத் தொற்றும் பிராணியும் அதுவே. மாட்டு டாக்டரிடம் தடுப்பூசி பற்றி இந்த வாரமே கேளுங்கள். குட்டி திரிகிற பக்கமாவது முள்கம்பியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறுக்குச் சட்டம் போடுங்கள்: ஜிஐ பைப்போ சவுக்குக் கழியோ. நாலரை அடிக்குக் குறைய வேண்டாம். கழியைத் தூணின் உள்பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் அடித்தால், குதிரை சாய்ந்து உரசியே ஆணியைக் கழற்றிவிடும்.

கே: எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவைச் செடி வேலி. இடைவெளியில் அரளி நடலாமா? பூவும் கிடைக்கும். - தாராபுரம்

ப: கிளுவை இருக்கட்டும். அரளி குதிரைக்கு விஷம். ஒரு கைப்பிடி இலை போதும். பூவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: கடைக்காரர் '12 கேஜ் வலை, 10-ஐ விடக் கெட்டி' என்று சொல்லி விற்றார். குதிரை சாய்ந்ததும் வலை வயிறு தள்ளிவிட்டது. பில்லில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது' என்று போட்டிருக்கிறது. - ஓமலூர்

ப: இந்தக் கேஜ் கணக்கு என் பழைய வயிற்றெரிச்சல். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் சுமார் 3.25 மில்லிமீட்டர், 12 என்றால் 2.64, 14 என்றால் 2.03. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு வந்தாலே எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சதுர அடிக் கணக்கில் விற்பவர் அந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் பையில் போடுகிறார். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலை இன்னும் மோசம்: பிளாஸ்டிக்கையும் சேர்த்து அளந்து காட்டுவார்கள். என் வீட்டுக் கொல்லையில் நிற்பது அப்படி வாங்கியதுதான். 10 என்றார்கள், தோல் உரிந்தபின் உள்ளே 14. ஒரு வெர்னியர் காலிப்பரோடு போங்கள், வெட்டுமுனையில் வெறும் கம்பியை அளங்கள், கேஜையும் எடையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.

உங்களிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறார். அந்த அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள்.

கே: வேலி போடுகிறவரிடம் முழுப் பணத்தையும் ஜிபே-யில் முன்கூட்டியே கொடுத்தேன். கான்கிரீட் இல்லாமல் கல்லை நட்டுவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் பாதி சாய்ந்தது. போனை எடுப்பதில்லை. ஒப்பந்தத் தாள் கிடையாது. - மணப்பாறை

ப: தாள் இல்லாவிட்டால் என்ன? வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, சாய்ந்த கல்லின் தேதியுள்ள படங்கள் எல்லாம் சாட்சிதான். ஒன்றையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். விடாதீர்கள்.

கே: ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் வலை வாங்கினேன். ஆறு மாதத்தில் துரு. யார் மேல் கேஸ் போடுவது? - கரூர்

ப: மிச்சம் பிடித்த ஜிஎஸ்டியில் பெயின்ட் வாங்கி அடியுங்கள்.

கே: சோலார் வேலிக்குச் செலவு அதிகம். மோட்டார் ரூம் கரன்ட்டையே கம்பியில் விடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். - சத்தியமங்கலம்

ப: ஆளை மாற்றுங்கள். குதிரையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருகிறவரும் சாவார், ஜெயிலுக்கு நீங்கள் போவீர்கள். சோலார் என்றாலும், உங்கள் ஊரில் காப்புக்காடு பக்கம். 2023 தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.