ஜீப் செரோக்கிக்கு வீட்டுப் பட்டறையில் பின் பம்பரும் ஸ்டெப்னி தாங்கியும்: கேள்வி பதில்

எக்ஸ்ஜே என்று அழைக்கப்படும் ஜீப் செரோக்கி, அமெரிக்காவில் 1984 முதல் 2001 வரையிலான மாடல்களாக விற்பனையானது. அந்த வண்டிக்குப் பின் பம்பரையும் ஸ்டெப்னி தாங்கியையும் தாமே செய்துகொள்ள விரும்புவோர் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. அங்கே இரும்பு அங்குலக் கணக்கில் விற்கப்படுவதால் அளவுகளை அப்படியே தந்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்டெப்னி வண்டிக்குள்ளேயே இருக்கிறதே, அதை ஏன் வெளியே கொண்டுவர வேண்டும் ஐயா?

நிறுவனம் கொடுத்த டயர் ஏறத்தாழ 28 அங்குல உயரம் கொண்டது. அது சாமான் அறையின் இடப்பக்கத்தில் நின்றவாறு அடங்கிவிடும். 31 அங்குல டயருக்கு மாறியவர்களுக்கு அந்த இடம் போதாது என்பதோடு, சேறு படிந்த, 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள சக்கரத்தை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டியிருக்கும். கூரைமேல் ஏற்றினால் வண்டியின் எடை மையம் உயர்ந்து, சரிவுகளில் கவிழும் அபாயம் கூடும். பின் கதவில் மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது மேல்நோக்கித் திறக்கும் கதவு. 1996 வரை ஃபைபர்கிளாஸால் ஆனது, 1997 முதல் தகரத்தால் ஆனது. இரண்டுமே இந்தச் சுமைக்கு உரியவை அல்ல. அதனால்தான் பம்பரின் ஒரு முனையில் கீல் வைத்து, கேட்டைப் போல விலகித் திறக்கும் ஒரு கையில் ஸ்டெப்னியை மாட்டுகிறோம்.

கேள்வி: பழைய பம்பரின் போல்ட் துளைகளிலேயே புதியதைப் பொருத்திவிடலாமா?

கூடாது. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானது இதுதான். இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது. தரைத்தகட்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட, மெல்லிய தகட்டை மடித்துச் செய்த நீள்தண்டுகள்தான் சேஸியின் வேலையைச் செய்கின்றன. பழைய பம்பர் தன் எடையையும் ஒரு சிறு இடிப்பையும் தாங்கினால் போதும் என்ற கணக்கில் அந்தத் தண்டுகளின் நுனியில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதே இடத்தில் பம்பர், தாங்கி, சக்கரம் எல்லாம் சேர்ந்த எழுபது கிலோவைத் தொங்கவிட்டு, குண்டும் குழியுமான பாதையில் குலுக்கினால், முதலில் துளைகள் நீள்வட்டமாகும், பிறகு தகடு கிழியும்.

ஆகவே பம்பரிலிருந்து இருபுறமும் தண்டுகளின் பக்கவாட்டை ஒட்டி முன்னோக்கிச் செல்லும் 1/4 அங்குலத் தகட்டுப் பிடிப்புகளை அமைத்து, சுமையை ஒன்றரை அடி நீளத்துக்காவது பரப்ப வேண்டும். இழுவைக் கொக்கி பொருத்துவதற்காகத் தண்டின் உள்ளே செருகப்படும், நட்டுகள் பற்றவைத்த நீண்ட பட்டைகளை இதற்கும் பயன்படுத்தலாம். போல்ட்டை இறுக்கும்போது மெல்லிய தகடு குழிந்துவிடாதபடி அந்தப் பட்டை விசையைப் பரப்பிக் கொடுக்கும். கீழ்ப்பக்கத்திலும் பக்கவாட்டிலும் என இரு திசைகளில் போல்ட் பிடித்தால், எந்தத் திசையிலிருந்து இழுத்தாலும் ஒரே வரிசைப் போல்ட்டுகள் மட்டும் சுமையை ஏற்கும் நிலை வராது.

கேள்வி: 3/16 அங்குலக் குழாயா, 1/4 அங்குலமா? தடிமன் கூடினால் நல்லதுதானே?

பம்பரின் உடலாக அமையும் 2×6 அங்குலச் செவ்வகக் குழாய், 3/16 அங்குலச் சுவரோடு அடிக்கு ஏறத்தாழ 9.4 பவுண்டும், 1/4 அங்குலச் சுவரோடு 12.2 பவுண்டும் எடை கொண்டது. ஐந்தேகால் அடி நீளத்துக்கு முன்னது 22 கிலோ, பின்னது 29 கிலோ. எக்ஸ்ஜேயில் குழாய் வளைவதற்கு வெகு முன்னரே அதைத் தாங்கும் தண்டுதான் வளையும் என்பதால், கூடுதல் ஏழு கிலோவால் பயனில்லை. 3/16 போதும், கீல் அமரும் இடத்திலும் கொக்கிகள் வரும் இடத்திலும் மட்டும் உள்தகடு வைத்துத் தடிப்பாக்குங்கள்.

கேள்வி: கீலுக்கு வெண்கலப் புஷ் போதுமா, டிரெய்லர் ஸ்பிண்டில்தான் வேண்டுமா?

புஷ் என்பது தண்டு சுழல்வதற்கான வெறும் உறை, டிரெய்லர் ஸ்பிண்டில் என்பது சக்கரம் பேரிங்குகளோடு சுழலும் அச்சுத்தண்டு. கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 32 கிலோ சக்கரம் கீலிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. 12 கிலோ எடையுள்ள கையின் எடை மையம் 45 சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 28 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை. மேல், கீழ் பேரிங்குகளுக்கிடையே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், கை திறந்து அசையாமல் நிற்கும்போதே ஒவ்வொரு பேரிங்கிலும் 370 கிலோ பக்கவாட்டு அழுத்தம் விழுகிறது. புஷ் இதை ஏற்றாலும் விரைவில் தேயும். தேய்ந்த பிறகு, கீல் தளர்ந்த இரும்புக் கேட்டைப் போலக் கையின் நுனி தொங்கும், தாழ்ப்பாள் பொருந்தாது. டேப்பர் ரோலர் பேரிங் கொண்ட டிரெய்லர் ஸ்பிண்டிலில் தேய்மானத்தை நட்டை இறுக்கியே சரிசெய்துவிடலாம். 1-1/16 அங்குல ஸ்பிண்டிலுக்குரிய பேரிங்குகளும் எண்ணெய் சீலும் அமெரிக்காவில் எந்த உதிரிபாகக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

ஸ்பிண்டிலைக் குழாயின் மேல்முகத்தில் மட்டும் நிற்க வைத்துப் பற்றவைப்பவர்களைப் பார்க்கிறேன், அது தவறு. மேல்சுவர், கீழ்ச்சுவர் இரண்டையும் துளைத்து, ஸ்பிண்டிலின் அடித்தண்டை ஊடுருவச் செய்து, இரு முகங்களிலும் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் திருப்புவிசை ஒரு தகட்டை வளைக்கும் விசையாக நிற்காமல், குழாயின் முழு உயரத்திலும் பகிர்ந்துகொள்ளப்படும்.

கேள்வி: பேரிங்குகள் அமரும் உருளையான ஹப்பைக் கையோடு பற்றவைத்த பிறகு பேரிங் உள்ளே இறங்கவில்லை. என்ன செய்வது?

வெப்பத்தில் ஹப்பின் துளை கோணிவிட்டது. பேரிங்கின் வெளி வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறுசிறு துண்டுகளாக, இடையிடையே ஆறவிட்டுப் பற்றவைத்திருந்தால் கோணல் குறைந்திருக்கும். இப்போது லேத்தில் கொடுத்து இருக்கையைச் சீராக்க முடியுமா என்று கேளுங்கள். துளை பெரிதாகி வளையம் தளர்வாக அமரும் நிலை வந்தால், அந்த ஹப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது வைப்பதே மேல்.

கேள்வி: ஓடும்போது தாங்கி கடகடவென்று அதிர்கிறது. இன்னொரு தாழ்ப்பாள் போட்டால் நிற்குமா?

தாழ்ப்பாளின் வேலை இழுத்துப் பிடிப்பது. எடையைத் தாங்குவது அதன் வேலையல்ல. கை மூடும்போது அதன் நுனி ஒரு சரிவுத் தகட்டின் மீது ஏறி, இரண்டு மில்லிமீட்டர் போல உயர்ந்து அமரும்படி செய்யுங்கள். அப்போது ஓட்டத்தின்போது பெரும் சுமை கீலில் தனியாகத் தொங்காமல் இரு முனைகளுக்கும் பிரியும். பிறகு, கையைப் பின்னிருந்து முன்னோக்கி ஒரு கடினமான ரப்பர் திண்டின் மேல் அழுத்திப் பிடிக்கும் டாக்கிள் கிளாம்ப் (நெம்புகோல் பூட்டு) ஒன்றே போதும். அது தானாகத் திறந்துகொள்ளாதபடி ஒரு ஊசியும் வைத்துவிடுங்கள். சரிவில் நிறுத்தித் திறக்கும்போது கை திரும்பி வந்து முழங்காலில் மோதாதிருக்க, திறந்த நிலையிலும் பூட்டும் ஊசி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கீலை எந்தப் பக்கம் வைப்பது?

அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால் சாலையோரம் வலப்புறம் வரும். கீல் இடப்புறம் இருந்தால், ஓரத்தில் நின்றபடி தடையின்றிச் சாமான் எடுக்கலாம். ஆனால் திறந்த கை போக்குவரத்தின் பக்கம் நீளும். நான் இடப்புறத்தையே விரும்புகிறேன்.

கேள்வி: சேற்றில் சிக்கினால் இழுப்பதற்கு டிரெய்லர் பந்தைப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?

ஒருபோதும் வேண்டாம். சிக்கிய வண்டியை இழுக்கும்போது ஏற்படும் திடீர் விசையில் பந்து முறிந்து, இழுக்கும் பட்டையின் மீள்விசையால் குண்டு போலப் பாயும். மனிதர்கள் இதில் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஷாக்கிள் எனும் U வடிவ இணைப்பு வளையத்தைப் பயன்படுத்துங்கள். 3/4 அங்குல ஷாக்கிளின் அனுமதிக்கப்பட்ட சுமை 4¾ டன். அதற்கான தடித்த காதுத் தகட்டைப் பம்பரின் முகத்தில் ஒட்டிவைக்காமல், குழாயை ஊடுருவச் செய்து முன்னும் பின்னும் பற்றவைத்து, நீள்தண்டுகளுக்கு நேர் பின்னால் வருமாறு அமையுங்கள்.

கேள்வி: பின் வில்தட்டுகள் (லீஃப் ஸ்பிரிங்) இந்த எடையைத் தாங்குமா?

பம்பர், தாங்கி, சக்கரம் எல்லாம் சேர்ந்து 70 கிலோ, பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். அச்சுகளுக்கிடையே 101.4 அங்குலம், அதாவது 2.58 மீட்டர். நெம்புகோல் கணக்கின்படி முன் அச்சில் 27 கிலோ குறைந்து, பின் அச்சில் 97 கிலோ ஏறும். பழைய எக்ஸ்ஜேக்களில் பின் வில்தட்டுகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பது வழக்கம் என்பதால், ஒரு தட்டு சேர்ப்பதையோ புதிய தொகுப்பு வாங்குவதையோ செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வண்டியில் மாட்டியபடியே பற்றவைக்கலாமா?

பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வண்டியில் வைத்து அளவு பார்த்து, குறியிட்டு, கழற்றிக் கீழே வைத்துப் புள்ளியிட்டுப் பற்றவையுங்கள். இரும்பின் எண்ணெய்ப்பசையை நீக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய நட்டு, வாஷர்களின் பூச்சையும் முதலில் தேய்த்து அகற்ற வேண்டும். வீட்டின் 120 வோல்ட் இணைப்பில் ஓடும் சிறு மிக் வெல்டிங் இயந்திரம் கால் அங்குலத் தகட்டில் ஆழமாக உருக்காது. மேலே அழகாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. 240 வோல்ட் இயந்திரமோ, 7018 வகை வெல்டிங் குச்சியோடு ஆர்க் வெல்டிங்கோ வேண்டும்.

கேள்வி: நம்பர் பிளேட்டும் விளக்குகளும்?

டயர் பிளேட்டை மறைத்துவிடும். எனவே அதை அதற்குரிய விளக்கோடு சேர்த்துப் பம்பருக்கோ தாங்கிக்கோ மாற்றுங்கள். 1994 மாடல் முதல் இவ்வகை வண்டிகளுக்கும் மேல் நடு பிரேக் விளக்கு கட்டாயம். டயர் அதை மறைக்காத உயரத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் உள்ள என் மஹிந்திரா தாருக்கும் இப்படிச் செய்யலாமா?

தாரில் ஸ்டெப்னி நிறுவனத்திலிருந்தே பின் கதவில் வருகிறது. தாங்கிக்குத் தேவையே எழவில்லை. பம்பரைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி, வண்டியில் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்புகளான கிராஷ் கார்டுகளைப் பொருத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. எனவே வேண்டாம்.

கேள்வி: குழாயின் இரு முனைகளையும் முழுவதுமாக அடைத்துவிட்டால் உள்ளே துரு பிடிக்காதல்லவா?

பட்டறையில் செய்யும் வெல்டிங்கில் எங்கேனும் ஓர் ஊசித்துளை இருந்தே தீரும். அதன் வழியே ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. முழுதும் மூடிய குழாயில் பற்றவைக்கும்போது உள்காற்று சூடாகி, கடைசித் துளையை அடைக்கும் நேரத்தில் உருகிய இரும்பை உங்கள் பக்கமே ஊதித்தள்ளும். ஆகவே அடிமுகத்தில், இரு முனைகளிலும் கீலுக்கு அருகிலும் 3/8 அங்குல வடிகால் துளைகளை வெட்டும்போதே போட்டுவிட்டு, பெயிண்ட் அடித்த பிறகு அவற்றின் வழியே மெழுகுக் கலவையை உள்ளே பீய்ச்சுங்கள்.