மோட்டாரே இல்லாத பழைய லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ்: கேள்வி பதில்

மேனுவல் லென்ஸ்ல (கையால ரிங்கைத் திருப்பி ஃபோகஸ் பண்ற லென்ஸ்) ஆட்டோஃபோகஸ் வர வைக்கிற அடாப்டர் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன். நான் சோனி ஏ7 3ல டெக்கார்ட் எல்எம்-ஈஏ7 அடாப்டரைப் போட்டு நாலு வருஷமா எடுத்துட்டு இருக்கேன், அதனால பெரும்பாலும் அதை வச்சுதான் பேசுவேன். நிக்கான் இசட் வச்சிருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி இதே கதைதான்.

கேள்வி: அண்ணா, லென்ஸ்ல மோட்டாரும் இல்ல, கேமராவோட பேச ஒரு பின்னும் இல்ல, அப்புறம் எப்படி ஆட்டோஃபோகஸ் ஆகுது?

பதில்: மோட்டார் அடாப்டர்ல இருக்கு தம்பி. பழைய 50எம்எம் லென்ஸ் ஒண்ணைக் கையில எடுத்து ஃபோகஸ் ரிங்கைத் திருப்பிப் பாருங்க, உள்ள இருக்கிற கண்ணாடி மொத்தமும் ஒண்ணா முன்னாடி நகரும், சென்சாரை விட்டுத் தள்ளிப் போகப் போக கிட்ட இருக்கிற பொருள் ஃபோகஸ் ஆகும். அதே வேலையைத்தான் அடாப்டர் செய்யுது, என்ன, கண்ணாடியை மட்டும் தள்ளாம லென்ஸை பேரல், ரிங் எல்லாத்தோடயும் சேத்து முன்னாடி தள்ளும். நீங்க ரிங்கை இன்ஃபினிட்டியில (ரொம்ப தூரத்துக்கான கடைசி இடம்) வச்சுட்டு கையை எடுத்துடணும், கேமரா அடாப்டரை சொந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸுன்னு நெனச்சு "இவ்ளோ முன்னாடி போ, இவ்ளோ பின்னாடி வா"ன்னு கட்டளை போடும்.

இதுக்கு இடம் எங்கருந்து வருதுன்னா, இந்த அடாப்டரோட முன்பக்கம் லைக்கா எம் மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வாய்), அந்த லென்ஸுக்கு மவுண்டுலருந்து சென்சார் வரை 27.8 எம்எம் தூரம் வேணும், சோனி ஈ மவுண்டுல அது 18தான். நடுவுல மிச்சம் இருக்கிற 9.8 எம்எம்குள்ள மோட்டாரையும் நகர்ற மவுண்டையும் அடக்கிட்டாங்க. அது 4.5 எம்எம் வரை முன்னாடி போகும். நிக்கான் இசட்ல தூரம் 16 எம்எம்தான், இன்னும் கொஞ்சம் இடம் கூட, அதனால மெகாடாப் எம்டிஇசட்11 அடாப்டர்ல 6.5 எம்எம் போகுது.

கண்ணாடியைத் தொடாம ஃபோகஸ் பண்ற இந்த யோசனை ஃபிலிம் காலத்துலயே இருந்துச்சு. 1996ல கியோசெரா கம்பெனி கான்டாக்ஸ் ஏஎக்ஸ்னு ஒரு கேமரா விட்டாங்க, அதுல லென்ஸ் அசையாது, கேமராவுக்கு உள்ள ஃபிலிம் இருக்கிற பகுதியே 10 எம்எம் வரை முன்னும் பின்னும் போகும், கார்ல் ஸைஸ் கம்பெனியோட மேனுவல் லென்ஸ் எல்லாம் ஆட்டோஃபோகஸ் ஆயிடும். அதுக்கு 20 வருஷம் கழிச்சு 2016ல டெக்கார்ட் அதையே ஒரு வளையத்துக்குள்ள கொண்டு வந்தாங்க, எனக்கு இன்னைக்கும் அது பெரிய வேலையாத்தான் தெரியுது.

கேள்வி: என்கிட்ட முதல் தலைமுறை ஏ7 இருக்கு, வேலை செய்யுமா?

பதில்: செய்யாதுங்க. ஏ7 2, ஏ7ஆர் 2, ஏ6300 இப்படி சென்சார்லயே நல்ல ஃபேஸ் டிடெக்ட் வந்த மாடல்லருந்துதான். கான்ட்ராஸ்ட் பாத்து ஃபோகஸ் பண்ற கேமரா லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேடும், இவ்ளோ பெரிய எடையை அப்படி ஆட்டிக்கிட்டே இருக்க முடியாது. ஃபேஸ் டிடெக்ட் எந்தப் பக்கம் எவ்ளோ நகரணும்னு முதல்லயே சொல்லிடும்.

கேள்வி: 4.5 எம்எம்னா ரொம்பக் கம்மியா தெரியுதே? எவ்ளோ கிட்ட போகலாம்?

பதில்: இந்தக் கேள்வியைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ஃபோக்கல் லெங்த் (லென்ஸ் பேரோட வர்ற எம்எம் நம்பர்) கூடக் கூட, கிட்ட ஃபோகஸ் பண்ண லென்ஸ் முன்னாடி நகர வேண்டிய தூரம் வேகமா ஏறும், ரெண்டு மடங்கு லென்ஸுன்னா கிட்டத்தட்ட நாலு மடங்கு நகரணும். ரிங்கை இன்ஃபினிட்டியில வச்சுட்டு கணக்குப் போட்டா, 28எம்எம் 20 சென்டிமீட்டர் வரை வரும், 35எம்எம் 30 சென்டிமீட்டர், 50எம்எம் 60, 65 சென்டிமீட்டர், இது வரைக்கும் பிரமாதம், ஏன்னா நெறைய எம் மவுண்ட் லென்ஸ் தானா 70 சென்டிமீட்டருக்குக் கிட்ட வராது, அதை விடக் கிட்ட இது கொண்டு போகுது. 85க்கு வந்தா 1.7 மீட்டர்ல நின்னுடும். 135ன்னா நாலு மீட்டருக்கும் மேல, அதாவது ஹால்ல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நிக்கணும்.

அதுக்கு ஒரு வழி இருக்கு, நான் தினமும் பண்றது. ரிங்கை இன்ஃபினிட்டியில வைக்காம நடுவுல வச்சுடுங்க. 85ஐ 3 மீட்டர்ல வச்சா, அடாப்டர் அங்கருந்து 1.1 மீட்டர் வரை தானா ஃபோகஸ் பண்ணும், போர்ட்ரெய்ட்டுக்கு அது போதும். 135ஐ 5 மீட்டர்ல வச்சா கிட்டத்தட்ட 2.3 மீட்டர் வரை. ஆனா ஒண்ணு, அப்படி வச்சா அந்த தூரத்தைத் தாண்டி இருக்கிற எதுவும் ஃபோகஸ் ஆகாது, ஏன்னா அடாப்டர் முன்னாடிதான் தள்ளும், பின்னாடி இழுக்க இடம் கிடையாது. புதுசா வாங்கினவங்க "கோபுரம் ஃபோகஸே ஆகல, அடாப்டர் போச்சு"ன்னு பதறுறது பெரும்பாலும் ரிங் இடம் மாறி இருக்கிறதாலதான். ஃபோகஸ் வரலைன்னா முதல்ல ரிங்கைப் பாருங்க.

கேள்வி: ஹெலியோஸ் 44-2 வச்சிருக்கேன், எம்42 மவுண்ட். இதுக்கு எந்த அடாப்டர்?

பதில்: அதே அடாப்டர்தான், நடுவுல எம்42லருந்து லைக்கா எம்முக்கு மாத்துற சாதாரண வளையம் ஒண்ணு போடணும். எம்42க்கு 45.46 எம்எம் தூரம் வேணும், எம்முக்கு 27.8, அந்த வித்தியாசத்தை வளையம் நிரப்பிடும். நிக்கான் எஃப், மினோல்டா, கேனன் எஃப்டி, பென்டாக்ஸ் கே எல்லாமே எம்மை விட நீளமான தூரம்ங்கிறதால எல்லாத்துக்கும் இப்படி ஒரு வளையம் இருக்கு, ஆட்டோஃபோகஸ் அடாப்டர் ஒண்ணே ஒண்ணு வாங்கினா வீட்ல இருக்கிற முக்கால்வாசி பழைய லென்ஸும் உயிர் பெறும். இதுக்காகத்தான் நான் இதை இவ்ளோ சொல்றேன்.

வளையம் வாங்கும்போது ரெண்டு விஷயம். எல்எம்-ஈஏ7ல மோட்டார் அடியில புடைச்சிட்டு இருக்கும், அகலமான வளையம் அதுல இடிக்கும், முன்பக்கம் ஒல்லியா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. ரெண்டாவது, வளையம் ஒரு மயிரிழை தடியா இருந்தாலும் இன்ஃபினிட்டி போயிடும், கொஞ்சம் மெலிசா இருந்தா பரவால்ல, அடாப்டர் சரி பண்ணிக்கும். நான் முதல்ல வாங்கின மலிவு வளையம் தடியா இருந்துச்சு, ஒரு மாசம் தூரத்துல இருக்கிற எதுவும் கூர்மையா வராம லென்ஸ்ல குறைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஹெலியோஸ் இதுக்கு ரொம்ப பொருத்தம், எடை கம்மி, 58எம்எம்ங்கிறதால இன்ஃபினிட்டியிலருந்து 80 சென்டிமீட்டர் வரை வரும், எஃப் 2ல (ஒளி வர்ற ஓட்டையான அப்பர்ச்சரோட அளவு, நம்பர் சின்னதுன்னா ஓட்டை பெருசு) பின்னாடி இலையெல்லாம் சுழியுற அந்த போக்கே, அதாவது பின்னணி மங்கல், ஆளோட கண்ணுல ஃபோகஸ் சரியா இருந்தாத்தான் அழகு.

கேள்வி: சார், அப்பா ஸ்டூடியோ வச்சிருந்தார். அவரோட நிக்கார் 105 எஃப் 2.5ம் 180 எஃப் 2.8ம் பீரோவுல கெடக்கு. ரெண்டும் இதுல ஓடுமா?

பதில்: 105 தாராளமா ஓடும், 435 கிராம்தான். அடாப்டர் 700 கிராம் வரை தாங்கும்னு சொல்லிருக்காங்க. 180 அதைத் தாண்டிடும், அதைப் போடாதீங்க, மேனுவலாவே எடுங்க. ஹெலியோஸ் 40 மாதிரி பெரிய கண்ணாடிக்கும் இதே பதில். எடை கூடக் கூட வேகமும் குறையும், 250 கிராம் 50எம்எம்ல டக்குனு வர்றது 105ல ஒரு யோசனைக்கு அப்புறம் வரும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு டார்ச் அடிச்சு லென்ஸ் உள்ள பாருங்க. நம்ம ஊர்ல, அதுவும் கடலோரமா இருந்தா, மூடின பீரோவுல தோல் பையோட வச்ச லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் வந்திருக்கும். கொஞ்சமா இருந்தா க்ளீன் பண்ணலாம், கோட்டிங்கை அரிச்சிருந்தா தழும்பு இருந்துட்டேதான் இருக்கும். இனிமே காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, தோல் பையில வேண்டவே வேண்டாம். அப்பா கையில இருந்த லென்ஸ்ல அவர் பேரப்பிள்ளைங்களை எடுக்கலாம் சார், அதை விட வேற என்ன வேணும்.

கேள்வி: கல்யாண வேலைக்கு இதை நம்பலாமா? ஓடுற குழந்தைங்க, டான்ஸ்?

பதில்: நம்ப வேண்டாம். கண்டினியுவஸ் ஃபோகஸ் வேலை செய்யும், மெதுவா நடந்து வர்றவங்களைப் பிடிக்கும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. தாலி கட்டுற நேரத்துக்கு உங்க சொந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ் மாட்டிக்கோங்க, பொண்ணு மாப்பிள்ளையை தனியா ஜன்னல் ஓரமா நிக்க வச்சு எடுக்கும்போது பழைய லென்ஸை எடுங்க. ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ்) நல்லா வேலை செய்யுது, கேமராவைப் பொறுத்தவரை இது சாதாரண லென்ஸ்தானே.

கேள்வி: வீடியோ?

பதில்: வேண்டாம். மோட்டார் சத்தம் மைக்குல விழும், ஃபோகஸ் மாறும்போது ஃபிரேமும் சேந்து மூச்சு விடுற மாதிரி அசையும்.

கேள்வி: எஃப் 8ல வச்சா ஃபோகஸ் ஆகாம அலையுது ப்ரோ, வைட் ஓபன்ல நல்லா இருக்கு. ஏன்?

பதில்: சொந்த லென்ஸுன்னா ஃபோகஸ் பண்ணும்போது தேவைப்பட்டா கேமராவே அப்பர்ச்சரைத் திறந்துக்கும். இங்க அப்பர்ச்சர் ரிங் உங்க கையில இருக்கு, நீங்க எஃப் 8ல வச்சா எஃப் 8ல வர்ற வெளிச்சத்துலதான் கேமரா ஃபோகஸ் பண்ணணும், ஃபேஸ் டிடெக்ட் பிக்சலுக்கு அந்தச் சின்ன ஓட்டை பத்தாது. நான் எஃப் 4 வரைதான் ஆட்டோவுல போவேன், வெயில் நல்லா இருந்தா 5.6. அதுக்கு மேலன்னா திறந்து ஃபோகஸ் பண்ணி ஷட்டர் பட்டன்ல லாக் பண்ணிட்டு மூடிக்கலாம், ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. சில பழைய வேகமான லென்ஸ்ல அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் தானா கொஞ்சம் பின்னாடி நகரும். எடுக்கப்போற அப்பர்ச்சர்லயே ஃபோகஸ் பண்ணும்போது அந்தத் தொல்லை கெடையாது, லைக்கா எம் மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல காலங்காலமா ஆளை அழ வச்ச பிரச்சினை அது.

கேள்வி: ட்ரைபாட்ல மாட்டும்போது ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: கண்டிப்பா. அடியில இருக்கிற மோட்டார் புடைப்பு பெரிய ப்ளேட்டுல இடிக்கும், பேட்டரி கிரிப் போட்டிருந்தாலும் மாட்டும்போது பாத்து மாட்டுங்க. கையில பிடிக்கும்போதும் லென்ஸை இறுக்கிப் பிடிக்காதீங்க, அது நகர இடம் வேணும், உள்ளங்கையில சும்மா தாங்கிக்கோங்க. அப்புறம், உள்ள மடக்குற பழைய எல்மார் மாதிரி லென்ஸை மாட்டி இருக்கும்போது மடக்கிடாதீங்க, பின்பக்கம் உள்ள போய் இடிக்கும். பின் கண்ணாடி ரொம்ப நீட்டிட்டு இருக்கிற ஜூபிட்டர்-12 மாதிரி லென்ஸையும் தவிர்த்துடுங்க.

கேள்வி: வைட் லென்ஸ்ல ஓரம் மங்கலா வருது, அடாப்டர் கோணலா இருக்குமோ?

பதில்: ரெண்டு காரணம் இருக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸுன்னா, சோனி சென்சார் மேல இருக்கிற கண்ணாடி ஃபிலிமுக்காகச் செஞ்ச லென்ஸுக்கு ரொம்பத் தடிமன், ஓரத்துல சாஞ்சு வர்ற ஒளி சிதறிடும், சாதா அடாப்டர் போட்டாலும் அப்படித்தான் வரும், நிக்கான் இசட்ல இது கொஞ்சம் பரவால்ல. நிக்கான் எஃப் மாதிரி எஸ்எல்ஆர் கேமராவோட வைட் லென்ஸுன்னா அதுல ஃப்ளோட்டிங் எலிமென்ட் இருக்கான்னு பாருங்க. 1967ல வந்த நிக்கார் 24எம்எம் எஃப் 2.8லருந்து இது ஆரம்பிச்சது, ரிங்கைத் திருப்பும்போது கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் மாறும், கிட்ட எடுக்கும்போது ஓரம் நல்லா வர்றதுக்காக. அடாப்டர் மொத்தமா தள்ளும்போது அந்த இடைவெளி மாறாது. வழி சுலபம், ஏறத்தாழ எடுக்கப்போற தூரத்தை விடக் கொஞ்சம் தள்ளி ரிங்ல வச்சுட்டு, கடைசி கொஞ்சத்தை மட்டும் அடாப்டர்கிட்ட விடுங்க.

கேள்வி: ஸ்டெடிஷாட் (கை ஆட்டத்தைச் சரி பண்ண சென்சார் அசையுறது) சரியா வேலை செய்யலை, கை ஆட்டம் தெரியுது.

பதில்: அடாப்டர் சொல்ற ஃபோக்கல் லெங்த்தை கேமரா நம்பும். நீங்க 85 மாட்டி இருக்கீங்க, அடாப்டர் வேற நம்பர் சொல்லிட்டு இருந்தா சென்சார் தப்பான அளவுக்கு ஆடும். அடாப்டர்லயே ஃபோக்கல் லெங்த் பதிவு பண்ற வழி அதோட கையேட்டுல இருக்கு, லென்ஸ் மாத்தினா அதையும் மாத்துங்க.

கேள்வி: பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்பை கலர் கோடாக் காட்டுறது) இருக்கு, ஜூம் பண்ணிப் பாக்கலாம், பொறுமையா மேனுவலா எடுத்தாத்தானே அந்த லென்ஸுக்கு மரியாதை? எதுக்கு இதெல்லாம்?

பதில்: இப்படிக் கேக்கிறவங்க மேல எனக்கு கோவம் இல்ல, நானும் பத்து வருஷம் அப்படித்தான் எடுத்தேன். ஆனா 50எம்எம் எஃப் 1.4ல ஒரு மீட்டர்ல இருக்கிற முகத்தை எடுத்தா தெளிவா இருக்கிற ஆழம் மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான், பீக்கிங் கோடு இமையிலயும் மினுக்கும், மூக்குலயும் மினுக்கும். ஜூம் பண்ணிப் பாத்து திரும்ப ஃபிரேமுக்கு வர்றதுக்குள்ள ஆள் ஒரு மூச்சு விட்டிருப்பார், ஃபோகஸ் போச்சு. எனக்கு 46 வயசுல வெள்ளெழுத்து வந்துச்சு, அதுக்கப்புறம் எங்க அம்மாவை எடுத்த படங்கள்ல பாதிக்கு மேல கண்ணு மங்கல், காது கூர்மை. அவங்களுக்கு 80 தாண்டிடுச்சு, "அசையாம இரும்மா"ன்னு நூறு தடவை சொல்ல முடியாது, சொன்னா முகமும் கல்லா ஆயிடும். இப்ப அதே லென்ஸ், அதே எஃப் 1.4, பேசிட்டே எடுக்கிறேன், சிரிக்கும்போது கண்ணுல ஃபோகஸ் இருக்கு. மேனுவலா எடுக்க ஆசை வந்தா ஃபோகஸ் மோடை எம்எஃப்ல போட்டு ரிங்கைத் திருப்புங்க, யாரும் தடுக்கல, அடாப்டர் சும்மா இருக்கும்.

கேள்வி: சரி, புதுசா ஆரம்பிக்கிறேன், எந்த லென்ஸோட ஆரம்பிக்கலாம்?

பதில்: வீட்ல என்ன 50 இருக்கோ அது. இல்லைன்னா ஏதாவது 50 எஃப் 1.8ஓ 1.7ஓ, ஃபங்கஸ் இல்லாம அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய் இல்லாம பாத்து வாங்குங்க. ரிங் இறுகிப் போய் திரும்ப மாட்டேங்குதுன்னு மலிவா விக்கிற லென்ஸையும் பாருங்க, அது இன்ஃபினிட்டியில இறுகி இருந்தா போதும், நமக்கு ரிங்கே தேவைப்படாது.