வகுப்பில் மாணவர்களின் திட்டமிட்டுச் செய்யும் திறனை எப்படி வளர்ப்பது?

ஒரு வேலையைத் திட்டமிட்டு, தொடங்கி, நடுவில் கவனம் சிதறாமல், அடுத்தது என்ன என்பதை நினைவில் வைத்து முடிக்கிற திறனைத்தான் செயலாக்கத் திறன் என்கிறோம். இதில் முக்கியப் பங்கு மூளையின் முன்பகுதிக்கு. அது முழுதாக முதிர 25 வயதுகூட ஆகலாம்.

சமையலை நினைத்துப் பாருங்கள். குக்கர் விசிலை எண்ண வேண்டும், குழம்பு அடிப்பிடிக்காமல் பார்க்க வேண்டும், அதற்குள் கடுகு வெடித்துவிடும். பழகாத கை ஒன்றைக் கவனித்தால் மற்றது கருகும்.

வகுப்பிலும் இதே கதைதான். "நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னால், பத்து வயதுப் பிள்ளை நோட்டை எடுத்துவிட்டு விழிக்கும். பாவம், மீதி மூன்றும் அதற்குள் நழுவிவிட்டன. அதையே கரும்பலகை ஓரத்தில் எழுதிப்போட்டு, முடித்ததை ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். "முதலில் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள், என் கணிப்பில் இதுதான் அதிகம் உதவும். அப்புறம், பழகப் பழக எழுதிப்போடுவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படித் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைப்பது தவறு. செய்ய மனமிருந்தும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல்தான் பல பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.