பழைய மல்டிமீட்டரைக் கணினியோடு இணைக்க எது நல்லது: ஜிபிஐபியா, ஆர்எஸ்-232-ஆ?

கேட்டவரின் நிலைமை இது: கல்லூரி ஆய்வகத்தில் எச்பி 34401ஏ மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது. வெப்பநிலை மாற மாற ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று இரவு முழுக்கப் பதிவு செய்ய வேண்டும். மீட்டரின் பின்பக்கம் ஜிபிஐபி (பல கருவிகளை ஒரே கேபிளில் கோக்கும் இணைப்பு), ஆர்எஸ்-232 (பழைய சீரியல் இணைப்பு) இரண்டும் உண்டு. ஜிபிஐபிதான் வேகம் என்கிறார்கள், ஆனால் அதற்கான அடாப்டர் விலை கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம்?

அடாப்டர் வாங்காதீர்கள். இந்த வேலைக்கு ஆர்எஸ்-232 தாராளமாகப் போதும். நான் ஒரு காலிப்ரேஷன் லேபில் வேலை செய்கிறேன். இதே மாடலை இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வேகத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மீட்டரை ஆன் செய்தவுடன் இருக்கும் நிலையில், ஒரு அளவுக்கு அது மின்சாரத்தின் 10 சுழற்சி நேரம் எடுத்துக்கொள்கிறது. லைனில் வரும் இரைச்சல் சராசரியில் அடிபட்டுப் போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அது 200 மில்லிசெகண்ட். ஆட்டோஸீரோ ஆனில் இருந்தால் தன் பூஜ்யத்தையும் ஒருமுறை அளந்துகொள்ளும், ஆக 400. கிடைத்த அளவை 15 எழுத்தும் வரிமுடிவுக்கு இரண்டுமாக, மொத்தம் 17 எழுத்தாக அனுப்பும். தொழிற்சாலை அமைப்பு 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்க ஒரு பிட்), 2 ஸ்டாப் பிட். ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்தால் எழுத்துக்கு 11 பிட். 17 எழுத்தும் கேபிளைக் கடக்க ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட் ஆகும். அளக்க 400, அனுப்ப 20. அந்த 20-ஐ ஒன்றாகக் குறைக்கவா இவ்வளவு பணம் கொடுப்பது?

ஆசிலோஸ்கோப் என்றால் கதை வேறு. பத்து லட்சம் பைட் அலைவடிவத்தை 9600 பாடில் இறக்க 17 நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே யுஎஸ்பியோ லேனோ இல்லாமல் முடியாது.

சரி, ஆர்எஸ்-232-இல் உண்மையான சிக்கல் கேபிளில்தான் இருக்கிறது. நான் முதலில் கடையில் வாங்கிய குறுக்குக் கேபிளில் மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. ரிமோட் கட்டளை அனுப்பினால் மீட்டரின் முகப்பில் ரிமோட் அடையாளம் அழகாகத் தெரிகிறது. ஆனால் 'நீ யார்' என்று கேட்டால் பதிலே வரவில்லை. அரை நாள் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் மேனுவலைப் பிரித்தால் விஷயம் அங்கே இருக்கிறது: இந்த மீட்டர் டிஎஸ்ஆர் கம்பியைப் பார்த்துத்தான் எதிரே கேட்க ஆள் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. அந்தக் கம்பி எதிலும் சேராமல் கிடந்தால் வாயைத் திறக்காது. அதனால் டிடிஆர் ('நான் தயார்' என்று சொல்லும் கம்பி), டிஎஸ்ஆர் இரண்டும் குறுக்காக இணைந்த முழு நல்-மோடம் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மல்டிமீட்டரின் கண்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு பின்னையும் தொட்டுப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. அப்புறம், இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. முகப்பு மெனுவில் போய் ஆர்எஸ்-232-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வரும்போது ஜிபிஐபியில்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதை வைத்து ஜிபிஐபியை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஹியூலெட்-பேக்கர்ட் 1960களின் கடைசியில் தன் கருவிகளுக்காக உருவாக்கியது, 1975-இல் ஐட்ரிபிள்இ 488 என்ற தரநிலையானது. 16 சிக்னல் கம்பிகள்: 8 டேட்டாவுக்கு, 5 நிர்வாகத்துக்கு, மீதி 3 கைகுலுக்கலுக்கு. அழகே அந்த மூன்றில்தான் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் இலையை மூடி எழுவதில்லை அல்லவா, அதே முறைதான். ஒரு பைட் கம்பியில் வைக்கப்படுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் கருவிகளில் ஒன்று 'இன்னும் வாங்கவில்லை' என்று கம்பியைத் தாழ்த்திப் பிடித்திருந்தாலும் அடுத்த பைட் வராது. வேகமான கருவியும் மெதுவான கருவியும் ஒரே கேபிளில் இருக்கலாம். பாட் ரேட் என்று ஒன்றை யாரும் எங்கும் அமைக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு முகவரி கொடுத்தால் போதும். இந்த மீட்டருக்கு வழக்கமான முகவரி 22.

ஒரு கனெக்டரின் முதுகில் இன்னொன்றைச் செருகி கணினியையும் சேர்த்து 15 சாதனங்கள் வரை கோக்கலாம். கேபிள் மொத்தம் 20 மீட்டருக்குள், அதிலும் சாதனத்துக்கு 2 மீட்டர் என்ற கணக்குக்குள் இருக்க வேண்டும். திருகும்போது நிறத்தைப் பாருங்கள்: கறுப்புத் திருகு மெட்ரிக், வெள்ளி நிறத் திருகு பழைய இன்ச் மரை. இரண்டையும் கலந்து முறுக்கினால் மரை போய்விடும்.

ஜிபிஐபிக்கு உண்மையாகவே தேவை வரும் இடம் ஒன்று உண்டு. நாலைந்து கருவிகள் ஒரே நொடியில் அளக்க வேண்டும் என்றால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ட்ரிகர் ('இப்போது அள') கட்டளையை ஜிபிஐபியில் அனுப்பலாம். சீரியலில் ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகத்தான் போக வேண்டும். அந்த நாள் வரும்போதும் விலை உயர்ந்த அடாப்டர்தான் வேண்டும் என்றில்லை. ஏஆர்488 என்ற திறந்த மூல நிரலை அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஏற்றி, ஓரிரு கருவிகள் வரை ஓட்டலாம். அதற்கு மேல் போனால் கம்பிகளை இயக்கப் போதுமான மின்னோட்டம் தரும் பஸ் டிரைவர் சிப்களைச் சேர்க்க வேண்டிவரும்.

நாளைக்குப் புதுக் கருவி வாங்கும்போது லேன் உள்ளதாக வாங்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டரோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் பெரிய ரிலே அடித்தால் இணைப்பு அறுந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். லேனில் இரண்டு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கணினியின் கிரவுண்டும் கருவியின் கிரவுண்டும் அதன் கம்பிகள் வழியாக ஒட்டுவதில்லை, நீளமும் 100 மீட்டர் வரை போகலாம்.

இரவு ஓட்டத்துக்கு முன் ஒரு விஷயம். ஆறரை இலக்கத் துல்லியம் வேண்டும் என்று ஸ்லோ மோடுக்குப் போனால் சுழற்சி 100 ஆகிவிடும்: 2 செகண்ட், ஆட்டோஸீரோவோடு 4. பைதானில் பைவிசா (கருவிகளோடு பேச உதவும் நிரல் தொகுப்பு) வைத்து எழுதுகிறீர்கள் என்றால் அது சாதாரணமாக 2 செகண்ட்தான் காத்திருக்கும். இதைக் கவனிக்காமல் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து கோப்பைத் திறந்தால் ஒரு அளவுகூட இல்லை, வரிக்கு வரி டைம்அவுட். காத்திருக்கும் நேரத்தை 10 செகண்டாக்குங்கள். ரெசிஸ்டரை நாலு கம்பி முறையில் அளங்கள், இல்லையென்றால் புரோப் கம்பியின் தடையும் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு அப்போதைக்கப்போதே கோப்பில் எழுதுங்கள். கணினியின் ஸ்லீப்பை அணைத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அதில் ஒரு வரிகூட விடுபடவில்லை என்றால் இரவுக்கு விடலாம்.