சென்னை வீட்டுச் சமையலறைக்கு சிங்கிள் பவுல் காம்போசிட் சிங்க் வாங்கலாமா? எந்த அளவு, எந்த நிறம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன்: வேளச்சேரியில் புது ஃப்ளாட், சமையலறை வேலை நடக்கிறது. 24 அங்குல சிங்கிள் பவுல் காம்போசிட் சிங்க் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோருக்கும் கறுப்பு பிடித்திருக்கிறது. நம் ஊர்த் தண்ணீருக்கும் நம் சமையலுக்கும் அது தாங்குமா, இல்லை ஸ்டீலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம். ஆனால் நிறத்தை உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அளவை உங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிராண்டு, ஆஃபர் எல்லாம் அதற்குப் பிறகு. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு பல வருடமாக இந்த சிங்க்கில்தான் புழங்குகிறோம். அண்ணா நகரில் என் தங்கை வீட்டில் கறுப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கிரானைட் சிங்க், குவார்ட்ஸ் சிங்க், காம்போசிட் என்று மூன்று பெயர் சொன்னாலும் பெரும்பாலும் ஒன்றுதான். பாறையைக் குடைந்து செய்தது இல்லை. ஏறக்குறைய 80 சதவீதம் குவார்ட்ஸ் மணல், மீதி அக்ரிலிக் பிசின். இரண்டையும் கலந்து அச்சில் விட்டு, சூட்டில் இறுக வைத்து எடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஷாக் என்ற நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த முறை இது. இங்கே குஜராத்தின் பாவ்நகரில் காரிசில் நிறுவனம் இதைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. முன்பு அதற்கு அக்ரிசில் என்று பெயர்.

இதன் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கலவையிலிருந்தே வருகிறது. பொருளின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. நம் கரண்டி, குக்கர் எல்லாம் அதைவிட மென்மையான உலோகம். அதனால் பாத்திரம் சிங்க்கைக் கீறுவதில்லை. சிங்க்தான் பாத்திரத்திலிருந்து கொஞ்சம் உலோகத்தைத் தேய்த்து எடுத்துக்கொள்ளும். வெளிர் நிற சிங்க்கில் சாம்பல் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அலுமினியக் குக்கர் விட்டுப்போன தடம், கிளீனிங் கிரீம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கீறலைத் தாங்குகிற இதே பொருள் பலத்த அடியைத் தாங்காது. இரும்புத் தோசைக்கல்லோ குழவியோ மேலிருந்து விழுந்தால் ஸ்டீல் நசுங்கும், இது சில்லு தெறிக்கும், சில சமயம் விரிசல் விடும். சூட்டைப் பொறுத்தவரை தயாரிப்பாளர்கள் 280 டிகிரி செல்சியஸ் வரை என்று சொல்கிறார்கள். சோறு வடித்த கஞ்சி, கொதிக்கும் தண்ணீர் எதற்கும் இது அசையாது. ஆனாலும் காய்ந்த தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து நேரே அதில் வைக்காதீர்கள். கஞ்சியில் கவலைப்பட வேண்டியது சிங்க்கைப் பற்றி இல்லை, அதன் கீழே இருக்கும் பிவிசி குழாயைப் பற்றி. பிவிசி 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். வடிக்கும்போது பைப்பையும் கொஞ்சம் திறந்து விட்டால் போதும்.

ஸ்டீலா இதுவா என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிப்புள்ளி மாதிரி துரு பிடிக்க வைக்கும். 304 கிரேடு நன்றாகவே தாங்கும். நிக்கல் குறைவான 202 கிரேடு அங்கே சீக்கிரம் புள்ளி விழுந்துவிடும், பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். காம்போசிட்டில் துருப்பிடிக்க உலோகமே இல்லை. ஆனால் அதோடு வரும் வேஸ்ட் கப்ளிங்கும் (தண்ணீர் வெளியேறும் துளையில் மாட்டும் இணைப்பு) ஜல்லடைக் கூடையும் ஸ்டீல்தான், அது 304 தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது நிறம். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காம்போசிட் சிங்க் வாங்கியவர்களிடம் நான் கேட்கும் புலம்பலில் பெரும்பங்கு இதுதான்: 'கறுப்பு சிங்க் வெளுத்துப்போச்சு.' பெரும்பாலும் அது வெளுக்கவில்லை. தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் காய்ந்து படிந்த வெள்ளை ஏடு, அதன் மேல் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து ஒரு படலம். இந்தியக் குடிநீர் தரம் ஐஎஸ் 10500 தண்ணீரின் கடினத்தன்மைக்கு, அதாவது இந்த உப்புகளுக்கு, வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. நம் புறநகர் போர் தண்ணீர் பல இடங்களில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை உங்கள் பாத்ரூம் ஷவரே சொல்லிவிடும். ஷவர் துளைகளில் வெள்ளையாகக் கட்டி நிற்கிறதா, வாளியின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதா என்று அந்த அபார்ட்மெண்ட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீடு என்றால் பிரச்சினை குறைவு. லாரித் தண்ணீரும் போரும் கலந்து சம்ப்பில் இறங்கும் அபார்ட்மெண்ட் என்றால் கறுப்பை மறந்துவிடுங்கள்.

அப்படியானால் வெள்ளையா? வெள்ளையில் உப்புப் படிவு தெரியாது, மஞ்சள் தெரியும். சாம்பார்ப் பாத்திரத்தை இரவெல்லாம் ஊற வைக்கும் வீட்டில் வெள்ளை சிங்க் காலையில் வெளிர்மஞ்சளாகத்தான் இருக்கும். டீத்தூள் கறையும் அப்படியே. என் தேர்வு புள்ளி கலந்த சாம்பல் நிறம் அல்லது மணல் நிறம். வெள்ளைப் படிவும் மறையும், மஞ்சள் கறையும் கண்ணை உறுத்தாது. ஷோரூம் விளக்கில் கறுப்பு மாதிரி அழகாக இருக்காது என்பது உண்மை. ஆனால் நீங்கள் அதைத் தினமும் பார்க்கப் போவது ஷோரூமில் இல்லை.

வீட்டில் கறுப்புதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஒரே நிபந்தனை: இரவு கடைசிப் பாத்திரம் கழுவியதும் சிங்க்கைத் துணியால் துடைத்துக் காய விட வேண்டும். தண்ணீர் நின்று காய்ந்தால்தான் உப்பு படியும். படிந்துவிட்டால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட்டு ஸ்பாஞ்சால் தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். என் தங்கை இப்படித்தான் வைத்திருக்கிறாள், இன்றும் பார்க்கப் புதுசு. கறுப்பு பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். படலத்தின் மேல் இன்னொரு படலம்தான் சேரும். டாய்லெட் ஆசிட், அடைப்பு எடுக்கும் பவுடர் இரண்டையும் இந்த சிங்க் பக்கமே கொண்டு வராதீர்கள்.

அளவுக்கு வருவோம். சிங்கிள் பவுல் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. இரட்டைப் பவுலில் ஒவ்வொன்றும் பதிமூன்று, பதினான்கு அங்குலம்தான் கிடைக்கும். அதில் ஐந்து லிட்டர் குக்கரைக் கைப்பிடியோடு திருப்பித் தேய்க்க முடியாது. ஆனால் கேட்லாக்கில் 24க்கு 18 என்று போட்டிருப்பது வெளி விளிம்பின் அளவு. உள்ளே தோராயமாக 21க்கு 16 தான் இருக்கும், பைப் பொருத்த சிங்க்கின் பின்பக்கத்திலேயே மேடை விட்ட மாடலில் இன்னும் குறையும். உங்கள் வீட்டில் எது பெரியது? கிரைண்டர் டிரம், இட்லிப் பானை, பன்னிரண்டு அங்குல தோசைக்கல், பொங்கலுக்கு எடுக்கும் பெரிய குண்டான். உள் அளவுக்கு நியூஸ்பேப்பரை வெட்டித் தரையில் விரித்து அந்தப் பாத்திரத்தைப் படுக்க வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கை போக இடம் வேண்டும். நான்கு பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு, இடம் இருந்தால் 30 அங்குலத்துக்குப் போங்கள். முன்பின் அகலத்தில் உங்கள் விருப்பத்துக்கு அதிக இடமில்லை, கிரானைட் மேடை பெரும்பாலும் 24, 25 அங்குலம்தான். முன்னால் இரண்டரை அங்குலக் கல்லாவது விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பட்டை உடையும்.

ஆழம் எட்டு அங்குலம் போதும். ஒன்பது, பத்து என்று போனால் தண்ணீர் தெறிக்காது, ஆனால் மேடை 33 அங்குலம் என்றால் சிங்க்கின் தரை இரண்டடிக்கோ அதற்கும் கீழோ போய்விடும், நின்று தேய்ப்பவருக்கு முதுகு பிடிக்கும். இன்னொரு விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: சுவரில் விட்டிருக்கும் கழிவுநீர் வாய் என்ன உயரத்தில் இருக்கிறது என்று இன்றே அளந்து வையுங்கள். ஆழமான சிங்க்கும் அதன் கீழே டிராப்பும் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) சேர்ந்து அந்த வாயைவிடத் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் முழுசாக வடியாது, எப்போதும் அடியில் நிற்கும், நாற்றம் வரும். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயும் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

பைப் சுவரிலா, சிங்க் மேலா? நம் ஊர் ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் சுவரில்தான். அப்படியானால் பைப் துளைக்கு மேடை விட்ட மாடல் வாங்காதீர்கள். அந்த மேடை மூன்று அங்குலம் பின்னால் தின்றுவிடும், பவுல் முன்னால் தள்ளிப்போகும், சுவர்ப் பைப்பின் தண்ணீர் பவுலின் பின்சுவரில் அடித்துத் தெறிக்கும். நீளக் கழுத்துப் பைப் மாற்ற வேண்டி வரும்.

பொருத்தும் விஷயத்தில் கொத்தனாரிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். உள் அளவு 53க்கு 40 சென்டிமீட்டர், 20 ஆழம் என்றால் நிரம்பினால் நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது நாற்பது கிலோ, அதற்கு மேல் சிங்க்கின் சொந்த எடை. கல்லுக்கு அடியில் ஒட்டும் அண்டர்மவுண்ட் முறையில் இந்தப் பாரம் முழுக்கப் பசையில் தொங்கக் கூடாது. கீழே இரும்பு ஃபிரேமோ இருபக்கமும் கடப்பாக் கல்லோ கொடுக்கச் சொல்லுங்கள். நான் மேலிருந்து வைக்கும் டாப் மவுண்ட்டைத்தான் சொல்வேன். விளிம்பே பாரத்தைத் தாங்கும், பின்னால் மாற்றுவதும் சுலபம். விளிம்பு ஓரத்தில் அழுக்கு சேரும், அது பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் போகிற வேலை. எந்த முறையானாலும் சிலிக்கோன் சீலன்ட்தான், வெள்ளை சிமெண்ட் கூடவே கூடாது. சூட்டில் பிசின் கலவை கல்லைவிட அதிகம் விரியும். சிமெண்ட் போட்டு இறுக்கிவிட்டால் விரிய வழியில்லாமல் விரிசல் விடும். கல்லை வெட்டும்போது நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு அப்புறம் நேர்கோட்டில் வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலை விட்டால் கிரானைட் அங்கிருந்துதான் விரியும். சிங்க் கையில் வந்து சேரும் முன் கேட்லாக் அளவை வைத்து வெட்டவே விடாதீர்கள், மாடுலர் கிச்சன்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

பாத்திரம் தேய்க்க ஆள் வருவார்களா? அப்படியானால் சிங்க் வாங்கும் முன் அவர்களையும் மனதில் வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா குட்டையானவர், ஆழம் எட்டு அங்குலம் என்று முடிவு செய்தது அவருக்காகவும்தான். சபீனாவும் கம்பி நாரும் போட்டு சிங்க்கையே தினமும் தேய்த்தால் மேற்பரப்பின் மெருகு மங்கும், மங்கிய இடத்தில் கறை சீக்கிரம் ஏறும். 'பாத்திரத்துக்குக் கம்பி நார், சிங்க்குக்கு இந்தப் பச்சை ஸ்பாஞ்ச்' என்று தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டோம், அவர் அப்படியே செய்கிறார். கனமான இரும்புச் சாமான் போடும்போது அடியில் ரப்பர் மேட் ஒன்று போட்டுவிடுங்கள்.

கடையில், பாரிமுனையானாலும் பெரிய ஷோரூம் ஆனாலும், டிஸ்பிளே பீஸைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல் உங்களுக்குத் தரப்போகும் பீஸைப் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கவிழ்த்து வைத்தால் விளிம்பு ஆடாமல் தரையில் உட்கார வேண்டும். ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; மூலையில் நிற்காமல் துளைக்கு ஓடினால்தான் சோற்றுப் பருக்கை தங்காது. செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மயிரிழை விரிசல் தெரியும். நிறம் மேல்பூச்சா, உள்ளே வரை உண்டா என்று அடிப்பக்கத்து விளிம்பைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் இரும்பு, பித்தளைப் புழக்கம் அதிகம், துடைத்து வைக்கவும் ஆளில்லை என்றால், 304 கிரேடில் ஒரு மில்லிமீட்டர் தகட்டில் செய்த ஸ்டீல் சிங்கிள் பவுல் வாங்குங்கள். சத்தம் கேட்கும், நசுங்கினாலும் உடையாது, மனக்குறை இருக்காது. மற்றபடி காம்போசிட்தான் என் வாக்கு. காலை ஐந்தரை மணிக்குப் பாத்திரம் போடும்போது பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழாமல் இருப்பதே எங்கள் வீட்டில் பெரிய லாபம்.

உங்கள் மேடையின் அகலம், கழிவு வாயின் உயரம், பைப் சுவரிலா என்ற மூன்றையும் கமெண்ட்டில் போடுங்கள். எந்த அளவு உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.